எண்ணூறு மைல் நடந்து சபையில் சேர்ந்த ஜேன் மானிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

1842 வாக்கில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்டன் என்ற சிற்றூர். அங்கே ஒரு பணக்கார வெள்ளையர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த, சுமார் இருபது வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கப் போனார். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் பெற்றார். அவர் பெயர் ஜேன் எலிசபெத் மானிங். திருமணத்துக்குப் பிறகு ஜேன் மானிங் ஜேம்ஸ். அவர் சேர்ந்த சபைக்கு அப்போது வயது பன்னிரண்டுதான். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய அந்தச் சபையின் முழுப்பெயர் இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்பது வெளியார் வைத்த பெயர்.

ஆரம்பகால மார்மன் விசுவாசி ஒருவர் சபைக்கு வந்த வழியை எடுத்துப் பேசவேண்டும் என்றால் பெரும்பாலும் பிரிகம் யங்கின் கதையைத்தான் எடுப்பார்கள். அதுவும் நல்ல கதைதான். 1830-இலேயே அந்தச் சபையின் வேதமான மார்மன் நூல் அவர் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. அவரோ இரண்டு வருடம் படித்து, விசாரித்து, அந்தச் சபையார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று போய்ப் பார்த்து, 1832 ஏப்ரலில்தான் தண்ணீரில் இறங்கினார். பின்னாளில் சபையின் தலைவரே ஆனார். ஜேனின் கதையில் இப்படிப்பட்ட நிதானம் இல்லை. முடிவெடுக்க அவருக்கு ஏழு நாள் போதுமானதாக இருந்தது. ஆனால் சேர்வது வேறு, சேர்த்துக்கொள்ளப்படுவது வேறு. சபையில் ஆலயச் சடங்குகள்தான் முழு உறுப்பினரின் உச்ச நிலை. அவை ஜேனின் பெயரில் நிறைவேறியது 1979-இல், அவர் இறந்து 71 ஆண்டுகள் கழித்து. ஒருவர் ஒரு மதத்தில் சேர்வது என்றால் உண்மையில் என்ன என்று கேட்பவருக்கு, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான நிகழ்வு வேறு இல்லை.

சான்று எது?

நமக்குக் கிடைத்திருப்பது முதன்மையாக ஜேன் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட சிறிய வாழ்க்கைக் குறிப்பு. 1890-களில், பார்வை மங்கிய முதுமையில், எலிசபெத் ரவுண்டி என்ற சக விசுவாசியிடம் சொல்லி எழுதவைத்தார். தன் இறுதிச் சடங்கில் அதை வாசிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சம்பவங்களை நினைவிலிருந்து சொன்னதால் ஆண்டுகள் பிசகியிருக்கின்றன. புறப்பட்டது 1840 இலையுதிர் காலம் என்கிறார். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஜோசப் ஸ்மித்தின் 'மாளிகை' என்றும் அவரே சொல்கிறார். அந்த வீட்டுக்கு ஸ்மித் குடிபோனது 1843 ஆகஸ்ட் கடைசியில். ஆகவே பயணம் 1843-இல்தான் நடந்திருக்கவேண்டும்.

இதில் எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. ஆண்டுகள் தவறினாலும் இடைவெளிகள் தவறவில்லை. பழைய சபையில் சேர்ந்து சுமார் பதினெட்டு மாதம் ஆனபோது மார்மன் ஊழியர் வந்தார் என்கிறார். ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம் கழித்துப் புறப்பட்டோம் என்கிறார். பக்கத்து ஊரான நியூ கேனனின் காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் அவர் உறுப்பினரானது 1841. அதோடு பதினெட்டு மாதத்தைக் கூட்டினால் 1842-இன் பிற்பகுதி. இன்னொரு வருடம் கூட்டினால் 1843 இலையுதிர் காலம். கணக்கு சரியாக வந்து உட்காருகிறது. காலண்டர் மறந்துபோன ஒரு மூதாட்டிக்கு, எது நடந்து எவ்வளவு நாளில் எது நடந்தது என்பது மறக்கவில்லை. மற்ற விஷயங்களிலும் அவர் சொல்லை நம்பி நடக்க இது எனக்குத் தைரியம் தருகிறது.

தன் பழைய சபையை அவர் பிரஸ்பிடேரியன் என்கிறார். 1801 முதலே பிரஸ்பிடேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்து ஊழியம் செய்துவந்தார்கள் என்பதால் இரண்டும் கலந்து நினைவில் நிற்பது இயல்பே. தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சபைகள் அந்நியமும் அல்ல. 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷன் இதே சபைகளின் பிள்ளைதான். வட்டுக்கோட்டையில் செமினரியும் உடுவிலில் பெண்கள் பள்ளியும் கட்டப் பணம் அனுப்பிய அதே நியூ இங்கிலாந்து கிறிஸ்தவம்தான் ஜேன் வளர்ந்த சூழல்.

ஒரு ஞாயிறும் மறு ஞாயிறும்

ஜேன் அடிமையாகப் பிறந்தவர் அல்ல. ஆனால் கனெக்டிகட்டில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1848-இல்தான். 1784 சட்டம் அதைப் படிப்படியாகத்தான் குறைத்தது. சுதந்திரக் கறுப்பினத்தவர் நிலைமையும் வீட்டு வேலை, பண்ணை வேலை என்பதைத் தாண்டிப் பெரிதாக இல்லை. ஜேனை ஆறு வயது வாக்கில் தாய் எலைசா ஜோசப் ஃபிட்ச் என்பவர் வீட்டில் வேலைக்கு விட்டார். சமையல், சலவை, இஸ்திரி எல்லாம் அங்கே கற்றது. 1830-களின் இறுதியில் திருமணம் ஆகாமலே அவருக்கு சில்வெஸ்டர் என்ற மகன் பிறந்தான். அந்தப் பிறப்பைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. அந்த மௌனத்தை நாம் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் கட்டுப்பாடான ஒரு சிற்றூரில், வேலைக்காரியாக, மணமாகாத தாயாக இருந்த இளம்பெண் 1841-இல் தேவாலயத்தில் உறுப்பினர் ஆனார் என்பதையும், அங்கே மனம் நிறையவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் அடுத்ததைப் படிக்கவேண்டும்.

நிறைவில்லை என்பது அவரே சொன்னது. தான் தேடுவது இதைவிட வேறு ஏதோ இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்ததாம். தேடியது என்ன என்று அவர் விளக்கவில்லை. என் ஊகம் இது. அந்தக் கால நியூ இங்கிலாந்து தேவாலயங்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு மாடத்திலோ கடைசி வரிசையிலோ தனி இருக்கை. பிரசங்கம் படித்தவர்கள் படித்தவர்களுக்குச் சொல்வது. கேட்டுவிட்டு எழுந்து வருவதைத் தவிர அங்கே ஒரு வேலைக்காரப் பெண் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அப்போது வந்தவர் சார்லஸ் வெஸ்லி வாண்டெல் என்ற மார்மன் மூப்பர். ஜேன் அவர் பிரசங்கத்தைக் கேட்க விரும்புகிறார் என்று தெரிந்ததும் பழைய சபையின் போதகர் போகக்கூடாது என்று தடுத்தார். ஜேன் போனார்.

இந்த ஒரு வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். மனமாற்றம் என்றாலே பிரசங்கத்தின் சிறப்பு, நூலின் தாக்கம் என்று பேசுகிறோம். இந்த நிகழ்வில் முதல் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. வயிற்றுப் பிழைப்புக்கு எசமான் வீடு, ஆன்மாவுக்கு எசமான் வர்க்கத்தின் போதகர் என்றிருந்த ஒரு பெண், போகாதே என்ற சொல்லைக் கேட்ட பிறகும் காலை எடுத்து வைத்தார். வாண்டெல் அன்று எதைப் பிரசங்கித்திருந்தாலும், அதைக் கேட்க வந்து உட்கார்ந்தவர் ஏற்கெனவே ஒரு வாசலைத் தாண்டி வந்தவர். அன்றே இதுதான் உண்மையான சுவிசேஷம் என்று முழுமையாக நம்பினேன், ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று தோன்றியது என்கிறார். மறு ஞாயிறு முழுக்கு ஞானஸ்நானமும், தலையில் கைவைத்து ஜெபித்து உறுதிப்படுத்துவதும் முடிந்தன.

மூன்று வாரம் கழித்து நடந்ததை அவர் தனியாகச் சொல்கிறார். முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோது அந்நிய பாஷை வரம் இறங்கியது. பக்கத்து அறையில் இருந்த குடும்பத்தார் பயந்துபோனார்கள். நம் ஊர் பெந்தெகொஸ்தே கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இன்றைய மார்மன் சபையில் அது அரிது என்றாலும் அந்த முதல் தலைமுறையில் சாதாரணமாக நடந்தது. பிரிகம் யங்கும் அந்நிய பாஷையில் பேசியவர்தான். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வரத்துக்குப் படிப்போ நிறமோ நன்கொடையோ தேவைப்படவில்லை என்பது. போதகரின் அனுமதியும் தேவைப்படவில்லை. முன்பு உட்கார்ந்து கேட்க மட்டுமே செய்தவர் இப்போது வாய் திறந்து பேசுகிறார். தேடிய 'வேறு ஏதோ' இதுவாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஒரு வருடத்தில் குடும்பமே சபைக்குள் வந்தது. எப்படி, யார் முதலில் என்பதை ஜேன் சொல்லவில்லை. பட்டியலை மட்டும் தருகிறார்: தாய் எலைசா, சகோதரர்கள் ஐசக், லூயிஸ், பீட்டர், சகோதரிகள் சாரா, ஏஞ்சலின், சாராவின் கணவர் ஆண்டனி ஸ்டெபின்ஸ், அண்ணி முறையான லூசிண்டா, அப்புறம் தான்.

பஃபலோவில் நின்ற பயணம்

அந்தக் காலத்தில் மார்மன் ஆவது என்றால் ஞானஸ்நானத்தோடு முடிவதல்ல. 'கூடிச்சேர்தல்' என்பது ஒரு கட்டளை. விசுவாசிகள் வீடு வாசலை விற்றுவிட்டு, தீர்க்கதரிசி என்று அவர்கள் நம்பிய ஜோசப் ஸ்மித் இருக்கும் ஊருக்கே குடிபெயரவேண்டும். 1839-க்குப் பிறகு அந்த ஊர் இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி நதியின் வளைவில் இருந்த நாவூ. சதுப்பு நிலத்தை வடித்து எழுப்பிய நகரம். சில வருடத்திலேயே பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊராக வளர்ந்தது. இங்கிலாந்திலிருந்தெல்லாம் கப்பலேறி வந்தார்கள்.

வாண்டெல் தலைமையில் கனெக்டிகட் விசுவாசிகள் புறப்பட்டபோது மானிங் குடும்பமும் புறப்பட்டது. கால்வாய் வழியாகப் பஃபலோ நகரம் வரை வந்தார்கள். ஒஹாயோவின் கொலம்பஸ் வரை போய்க் கட்டணம் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பஃபலோவிலேயே பணத்தைக் கேட்டு, அதற்கு மேல் ஏற்றிச்செல்ல மறுத்துவிட்டார்கள். வெள்ளையர்கள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். மானிங் குடும்பம் படகிலிருந்து இறங்கியது.

ஏன் என்று ஜேன் சொல்லவில்லை, யாரையும் குற்றம் சாட்டவுமில்லை. பஃபலோவில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே நிறத்தவர் என்பது மட்டும் நமக்குத் தெரியும். அங்கிருந்து நாவூவுக்கு எண்ணூறு மைலுக்கு மேல், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். நடக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்து வருவது அந்தக் குறிப்பின் மிகப் புகழ்பெற்ற பகுதி. காலணிகள் தேய்ந்து போயின. பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. தரையில் முழுப் பாதத்தின் தடமும் ரத்தத்தில் தெரியும் அளவுக்கு. நின்று எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள், பாதங்கள் குணமாயின என்கிறார். ஒரு நதிக்குப் பாலம் இல்லை. இறங்கி நடந்தார்கள், நடுவில் கழுத்தளவு தண்ணீர். கரையேறியபோது கை தெரியாத இருட்டு. தூரத்தில் ஒரு வெளிச்சம். போய்ப் பார்த்தால் பழைய மரக்குடில், அன்றிரவு அங்கே. மறுநாள் இரவு காட்டில், திறந்த வெளியில். உறைபனி லேசான பனிப்பொழிவு போல அவர்கள் மேல் விழுந்து படிந்தது. காலையில் எழுந்து வெறும் காலோடு அந்த உறைபனி மேலேயே நடந்தார்கள், சூரியன் வந்து அதை உருக்கும் வரை. பாட்டுப் பாடிக்கொண்டு, மகிழ்ச்சியாக நடந்தோம் என்று சொல்கிறார்.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கனமாகப் படுவது பியோரியா ஊரில் நடந்தது. அங்கிருந்த அதிகாரிகள் 'விடுதலைப் பத்திரம்' எங்கே, இல்லாவிட்டால் சிறை என்று மிரட்டினார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றே முதலில் புரியவில்லை, நாங்கள் ஒருபோதும் அடிமைகளாக இருந்ததில்லையே என்கிறார் ஜேன். இல்லினாய் அடிமைமுறை இல்லாத மாநிலம் என்று பெயர். ஆனால் 1819-லும் 1829-லும் போட்ட சட்டங்களின்படி அங்கே குடியேற வரும் கறுப்பினத்தவர் தான் சுதந்திரமானவர் என்ற சான்றிதழைக் காட்டவேண்டும். ஆயிரம் டாலர் பிணையும் கட்டவேண்டும். வீட்டு வேலைக்காரர் ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் சேராத தொகை. ஒஹாயோவிலும் 1807 முதல் ஐந்நூறு டாலர் பிணைச் சட்டம் இருந்தது. அதாவது மானிங் குடும்பம் நடந்த பாதையில் ஆறும் பனியும் மட்டும் குறுக்கே நிற்கவில்லை. நாவூவுக்கு வரச்சொன்ன கட்டளை வெள்ளை விசுவாசிக்கும் கறுப்பு விசுவாசிக்கும் ஒன்றுதான். போகும் வழியில் சட்டம் ஒன்றாக இல்லை. அந்த அதிகாரிகள் எதனாலோ மனம் மாறிப் போகவிட்டார்கள். விடாமல் இருந்திருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை.

நாவூவுக்கு முப்பது மைல் தள்ளி லா ஹார்ப் என்ற ஊரில், பிழைக்காது என்று மூப்பர்கள் கைவிட்ட ஒரு குழந்தைக்காக ஜெபித்தார்களாம், குணமானதாம். நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். ஆய்வுக்கு முக்கியம், கறுப்பினப் பயணிகளான இந்த ஒன்பது பேரும் தங்களை விருந்தாளிகளாகவோ தயவு தேடி வருபவர்களாகவோ நினைக்கவில்லை, நோயாளிக்காக ஜெபிக்க உரிமையுள்ள சபையாராகவே நினைத்தார்கள் என்பதுதான்.

மாளிகை வாசலில்

நாவூ ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரும் கட்டியணைக்கவில்லை. எல்லாவிதமான கஷ்டத்தையும் நிராகரிப்பையும் பட்டோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார். கடைசியில் ஆர்சன் ஸ்பென்சர் என்பவர் வழிகாட்ட, ஸ்மித்தின் மாளிகை வாசலுக்கு வந்தார்கள். வாசலில் நின்ற ஸ்மித்தின் மனைவி எம்மா சொன்ன முதல் சொல்: "உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள்."

அன்று மாலை ஜோசப் ஸ்மித் தானே நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். எம்மாவையும், டாக்டர் பெர்ன்ஹைசலையும் அழைத்துவந்து அறிமுகம் செய்துவைத்தார். பிறகு ஜேனின் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தச் சிறு கூட்டத்துக்குத் தலையாக இருந்து வந்தது நீதானே?" என்றார். "ஆமாம் ஐயா" என்றார் ஜேன். நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு ஸ்மித் டாக்டரைப் பார்த்து, இது விசுவாசம் இல்லையா என்று கேட்டார். நானாக இருந்தால் பின்வாங்கி வீட்டுக்குத் திரும்பியிருப்பேன் என்றார் டாக்டர்.

இருபது வயதுச் சொச்சத்தில், ஆண்கள் நான்கு பேர் இருந்த கூட்டத்துக்கு ஒரு பெண் தலையாக இருந்தார் என்பதை அந்த ஒரு கேள்விதான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வழியெல்லாம் 'நாங்கள்' என்றே சொல்லிவந்தவர் ஜேன்.

ஒரு வாரத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஊரில் இடம் தேடிக்கொண்டார்கள். ஜேனுக்கு எதுவும் அமையவில்லை. உடைகள் இருந்த பெட்டியும் வேறு வழியாக வந்து, செயின்ட் லூயிஸ் போய், தொலைந்தே போனது. அழுதுகொண்டிருந்தவரிடம் ஸ்மித், இங்கே நாங்கள் கண்ணீரையெல்லாம் துடைத்துவிடுவோம், நீ விரும்பினால் இதுவே உன் வீடு என்றார். என்ன வேலை தெரியும் என்று எம்மா கேட்டார். துவைக்க, இஸ்திரி போட, சமைக்க, வீட்டு வேலை செய்ய என்றார் ஜேன். அன்றிலிருந்து அந்த வீட்டில்.

இங்கே இரண்டு சம்பவங்களைக் குறித்துவைக்கவேண்டும், ஏனென்றால் மீதி வாழ்க்கை முழுவதும் இவற்றிலிருந்துதான் கிளைக்கிறது. ஒன்று, சலவைத் துணிகளுக்கு நடுவே ஜோசப் ஸ்மித்தின் சடங்கு அங்கிகளைக் கண்டார். ஆலயச் சடங்குகள் அப்போது மிகச் சிலருக்கு மட்டும் மறைவாக நடந்துகொண்டிருந்த காலம். அவை பரிசுத்தவான்களுக்குக் கொடுக்கப்படும் புதிய பெயரோடு தொடர்புடையவை என்று ஆவியானவர் தனக்கு உணர்த்தியதாகச் சொல்கிறார் ஜேன். அவற்றைத் துவைத்த கைகள் அவருடையவை. அவற்றின் பொருளை உலகம் அறியுமுன் உணர்ந்ததாக நம்பியதும் அவர்தான்.

இரண்டாவது, எம்மா ஒருநாள், எங்கள் பிள்ளையாக உன்னைத் தத்தெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஜேன் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல் என்று இரண்டு வாரம் விட்டு மறுபடியும் கேட்டார். வேண்டாம் அம்மா என்றார் ஜேன். அதன் பொருள் எனக்குப் புரியவில்லை, என் மனமே எனக்குத் தெரியவில்லை என்கிறார் பிற்காலத்தில். எம்மா கேட்டதோ சட்டப்படியான தத்து அல்ல. நித்தியத்துக்கும் குடும்பமாக முத்திரிக்கும் சடங்கு. ஆறு வயதில் தாயை விட்டு வேறு வீட்டில் வேலைக்குப் போனவர் 'எங்கள் பிள்ளையாக இரு' என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கியதில் என்ன வியப்பு இருக்கிறது!

1844 ஜூன் 27 அன்று கார்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வீட்டில் ஜேன் வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை.

பிறகு மாறிய விதி

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேன் சிறிது காலம் பிரிகம் யங் வீட்டில் வேலை செய்தார். ஐசக் ஜேம்ஸ் என்ற கறுப்பின விசுவாசியை மணந்தார். 1846-இல் சபையாரின் கூட்டத்தோடு மேற்கே புறப்பட்டு, வழியில் மகன் சைலஸைப் பெற்று, 1847 செப்டம்பரில் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். அங்கே முதன்முதலாகக் குடியேறிய கறுப்பினக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. 1849-இல் உணவுக்குத் திண்டாடிய எலைசா லைமன் என்ற வெள்ளைப் பெண்ணுக்கு இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார். ஜேனிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதி அது என்று வாங்கியவரே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

1852-இல் பிரிகம் யங் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபையில் ஊழியம் செய்யும் அதிகாரம், கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்தார். ஜேன் சேர்ந்தபோது இப்படி ஒரு விதி இல்லை. எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் 1836-லேயே மூப்பராக நியமிக்கப்பட்டவர்; மாசசூசெட்ஸில் முடிதிருத்தும் தொழில் செய்த வாக்கர் லூயிஸும் அப்படியே. விதி பின்னால் வந்தது. அதோடு ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கறுப்பின ஆண், பெண் இருபாலருக்கும் மூடப்பட்டன. மார்மன் நம்பிக்கையில் குடும்பம் நித்தியமாகச் சேர்ந்திருப்பதற்கும் மிக உயர்ந்த பரலோக நிலைக்கும் அந்தச் சடங்குகளே வாசல். ஆகவே இது ஏதோ கௌரவம் மறுக்கப்பட்ட விஷயம் அல்ல. எண்ணூறு மைல் நடந்து எதற்காக வந்தாரோ அதன் நடுப்பகுதியே மறுக்கப்பட்டது.

ஜேன் சபையை விட்டுப் போகவில்லை, சும்மா இருக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். 1884 டிசம்பரில் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு எழுதிய கடிதம் என்னைத் தூங்கவிடாத கடிதங்களில் ஒன்று. என் இனமும் நிறமும் எனக்குத் தெரியும், வெள்ளையரைப் போல எதிர்பார்க்க முடியாது என்று தெரியும் என்று தொடங்கி, ஆபிரகாமின் சந்ததியில் பூமியின் எல்லா ஜாதிகளும் ஆசீர்வதிக்கப்படும் என்று தேவன் வாக்குக் கொடுத்தாரே, காலங்கள் நிறைவேறும் இந்தக் காலத்தில் எனக்கு ஓர் ஆசீர்வாதமும் இல்லையா என்று கேட்கிறார். கெஞ்சல் மாதிரி தெரியும். ஆதியாகமத்தை எடுத்து எதிரில் வைத்து வாதாடும் கடிதம் அது. எம்மா அன்று கேட்ட தத்தை இப்போது ஏற்றுக்கொள்கிறேன் என்றும் பலமுறை எழுதினார். அன்று புரியாதது நாற்பது வருடத்தில் நன்றாகவே புரிந்துவிட்டிருந்தது.

சபை கொடுத்தது பாதிப் பாதியாக. இறந்த உறவினர்களுக்காக ஞானஸ்நானம் பெற 1888-இல் லோகன் ஆலயத்தில் அனுமதி கிடைத்தது. 1894 மே 18 அன்று ஒரு சடங்கு நடந்தது. பிள்ளையாக அல்ல, நித்தியத்துக்கும் 'பணியாளாக' ஜோசப் ஸ்மித்தோடு அவரை இணைக்கும் சடங்கு. அப்போது ஜேன் உயிரோடு, அதே ஊரில் இருந்தார். ஆனால் ஆலயத்துக்குள் அனுமதி இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பெண் நின்றார். இறந்தவர்களுக்குத்தான் பதிலாள் நிற்பது வழக்கம். ஸ்மித்துக்குப் பதிலாக நின்றவர் ஜோசப் எஃப். ஸ்மித், பின்னாளில் சபைத் தலைவரானவர். ஜேனுக்கு இது திருப்தி தரவில்லை. மறுபடியும் கேட்டார் என்று மறு ஆண்டின் தலைமைக் குழுக் குறிப்புகள் சொல்கின்றன.

மதமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மாறியவரின் மனதை மட்டுமே துருவுகிறோம். ஏன் மாறினார், உண்மையாக மாறினாரா, யார் தூண்டினார் என்று. ஜேனின் நிகழ்வை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் துருவ அதிகமில்லை. ஒரு பெண் தேடினார், தடுத்தும் போனார், கேட்டார், நம்பினார், நடந்தார். கேள்விகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. வா என்று அழைத்தவர்கள், வந்தவரை எதுவரை உள்ளே விடுவது என்று அவர் வந்த பிறகு தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை 1978 ஜூனில்தான் சபை கைவிட்டது. மறு ஆண்டு சால்ட் லேக் ஆலயத்தில், இறந்தவர் என்ற முறையில், பதிலாள் வழியாக ஜேனின் சடங்குகள் நிறைவேறின.

அவர் இறந்தது 1908 ஏப்ரல் 16. சால்ட் லேக் நகரின் பெரிய கூடாரமண்டபத்தில் அவருக்கும் தம்பி ஐசக்குக்கும் முன்வரிசைப் பக்கம் இடம் ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. ஊரார் 'ஆன்ட் ஜேன்' என்று அழைத்தார்கள். இறுதிச் சடங்கில் ஜோசப் எஃப். ஸ்மித்தும் பேசினார்.

அந்தச் சடங்கில் வாசிக்கவேண்டும் என்று எழுதவைத்த குறிப்பின் கடைசிப் பகுதியில் ஆலயத்தைப் பற்றிய புகார் இல்லை. கணவரும், இரண்டு பிள்ளைகள் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டதைச் சொல்கிறார். கண் பார்வை போய்க்கொண்டிருப்பதுதான் தனக்கு வந்த சோதனைகளிலேயே பெரியது என்கிறார். தன் விசுவாசம் ஞானஸ்நானம் பெற்ற நாளில் இருந்ததைவிட இன்று உறுதியாக இருக்கிறது என்கிறார். பிறகு தன் நாட்களைப் பற்றி: தசமபாகம் கொடுக்கிறேன், சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறேன், என்னால் ஆன மட்டும் எல்லோருக்கும் நல்ல முன்மாதிரியாக இருக்கப் பார்க்கிறேன்.